லேபர் டேயோடு ஃபீடரைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார இதழின் வீட்டுத்தோட்டப் பக்கத்தில், இலையுதிர் காலத்துக்கு முன்னர் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியிருந்தீர்கள். கறிவேப்பிலைச் சாடியை எப்போது உள்ளே எடுப்பது, உள்ளி எப்போது நடுவது எல்லாம் நல்ல விஷயங்கள். நான் வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆனால் அதன் கடைசி வரியைக் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டுத்தான் ஒட்டினேன். தேன்சிட்டுகளுக்கு, அதாவது ஹம்மிங்பேர்டுகளுக்கு, சீனித்தண்ணீர் வைப்பவர்கள், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டேயோடு, அந்தத் தண்ணீரைத் தொங்கவிடும் ஃபீடரைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை தெற்கே போக மனமில்லாமல் இங்கேயே நின்று குளிரில் செத்துப்போகும் என்று அந்த வரி சொல்கிறது.

அது பிழை. பிழை என்பதற்காக மட்டும் இவ்வளவு நீளக் கடிதம் எழுதமாட்டேன். அதை வாசித்துவிட்டு அடுத்த தெருவில் இருக்கும் என் சிநேகிதி அன்றைக்கே ஃபீடரைக் கழற்றிக் கழுவி கராஜுக்குள் வைத்துவிட்டா. நான் போன் பண்ணி, நேரே போயும் சொல்லி, திரும்ப மாட்டவைத்தேன். இன்னும் எத்தனை வீட்டில் கழற்றியிருப்பார்களோ தெரியாது. அதுதான் எழுதுகிறேன்.

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ரூஜ் ஆற்றுப் பக்கமாக மகளின் வீட்டில் இருக்கிறேன். வயது 69. பின்வளவு பெரியது இல்லை. ஒரு பக்கம் கத்தரி, மிளகாய், பாகல் பந்தல், மற்றப் பக்கம் சாடிகள். 2016ஆம் ஆண்டு வைகாசியில், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ட்ரினிடாட் அம்மா எனக்கு ஒரு ஃபீடர் தந்தா. அவவுடைய நாட்டின் இலச்சினையிலேயே இந்தக் குருவி இருக்கிறது. சின்ன வயதில் அதைப் பார்த்து வளர்ந்தவ, எனக்கும் பார்க்கப் பழக்கினா. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் முதல் குருவி வந்த நாளையும் கடைசிக் குருவியைக் கண்ட நாளையும் தமிழ்க் கடைக் கலண்டரில் குறித்து வருகிறேன். பழைய கலண்டர்களை எறியவில்லை. வைகாசி மாதம் முதல் இரண்டு கிழமைக்குள் முதல் குருவி வந்துவிடும். கடைசிக் குருவி ஒரு வருடமும் லேபர் டேக்கு முன்னர் போனதில்லை. பெரும்பாலும் செப்டம்பர் 20க்குப் பிறகுதான். ஒருமுறை அக்டோபர் 6ஆம் திகதி காலையிலும் ஒன்று வந்து குடித்துவிட்டுப் போனது. என்னுடையது ஒரே ஒரு வளவு, அவ்வளவுதான். ஆனால் அந்த நாட்களில் ஃபீடரைக் கழற்றியிருந்தால் எது பட்டினி கிடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குருவியைச் சாப்பாடு மறித்துவைக்கும் என்பது கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் ஆண் குருவிகளைப் பாருங்கள். தொண்டையில் மாணிக்கம்போலச் சிவப்பு மினுங்குவது அவைதான். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அவை ஒவ்வொன்றாகக் காணாமற்போகும். அப்போது இங்கே நல்ல வெயில். பூக்கள் கொட்டிக் கிடக்கின்றன, பூச்சிகள் இருக்கின்றன, என் ஃபீடரும் நிறைய இருக்கிறது. அப்படியிருந்தும் போகின்றன. சாப்பாடு மறிக்கும் என்றால் அவை ஏன் போக வேண்டும்? பகல் நீளம் குறையக் குறைய அவற்றின் உடம்புக்குள்ளே புறப்படும் வேகம் வந்துவிடுகிறது. அதை என் ஒரு கோப்பைச் சீனியால் நிறுத்த முடியாது.

அப்படியென்றால் செப்டம்பரில் வருவது யார்? தாய்க் குருவிகளும் இந்த வருடத்துக் குஞ்சுகளும். தொண்டை வெள்ளையாக இருப்பதைப் பார்த்து எல்லாமே பெண் குருவி என்று நினைத்துவிடுவோம். இளம் ஆண்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சிலவற்றின் தொண்டையில் செதில்போல ஒரே ஒரு சிவப்பு இறகு மட்டும் வந்திருக்கும். அதைக் கண்டால் எனக்கு மனம் என்னவோ செய்யும். தாய்தான் சிலந்தி நூலால் கட்டி, பாசி ஒட்டி, கூடு செய்கிறது. ஒரு கூட்டில் இரண்டு முட்டை, போஞ்சி விதை அளவில். அடைகாப்பதும் தீத்துவதும் தாய் மட்டும்தான். குஞ்சுகள் பறக்கப் பழகிய பிறகு தாயும் தன் வழியில் போய்விடும். இந்தக் குருவிகள் கூட்டமாகப் போவதில்லை. மூன்று மாதமும் நிறையாத குஞ்சு, யாரும் வழி காட்டாமல், தனியே, போயே இராத இடத்துக்குப் புறப்படுகிறது. தெற்கு மெக்சிக்கோவிலிருந்து கோஸ்டா ரிக்கா, பனாமா வரை அவற்றின் குளிர்கால இடம். இங்கிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல். சில குருவிகள் டெக்சாஸ் கரையோரமாகச் சுற்றிப் போகும். சில மெக்சிக்கோ வளைகுடாவைக் குறுக்கே கடக்கும். அது கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் கடல், இருந்து ஆற ஒரு கிளை இல்லை, ஏறக்குறைய 20 மணி நேரம் ஒரே பறப்பு.

அந்த உடம்பின் நிறை எவ்வளவு என்று என் பேரன் கேட்டான். பத்துச் சதக் காசு இரண்டை அவன் உள்ளங்கையில் வைத்து, இதைவிடக் கொஞ்சம் குறைவு என்றேன். மூன்று கிராம் சொச்சம். கடல் தாண்டுவதற்கு முன்னர் தின்று தின்று கொழுப்புச் சேர்த்து அந்த நிறையை இரட்டிப்பு அளவுக்குக் கொண்டுபோகும். சிறகு செக்கனுக்கு 50 தடவை அளவில் அடிக்கும் ஒரு உயிர், பறக்கும் செலவையும் பார்த்துக்கொண்டு, அதற்கு மேலே சேமிக்கவும் வேண்டும்.

ஊரில் யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவித்து வாழையிலையில் கட்டித் தருவா. பயணம் போகிறவன் வீட்டில் இருக்க ஆசைப்படுவான் என்று பயந்து யாராவது கட்டுச்சோறு கட்டாமல் விட்டார்களா? செப்டம்பர் மாதச் சீனித்தண்ணீரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். வடக்கேயிருந்து வந்து ஒரு நாள் மட்டும் தங்கிப் போகும் குருவிகளும் இந்த மாதம்தான் வருகின்றன. இன்றைக்கு என் வளவில் நிற்பது நேற்று நின்ற குருவியாக இருக்க வேண்டும் என்றில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். செப்டம்பர் கடைசிக் கிழமை. இரவு ஐந்து பாகைக்கு இறங்கிவிட்டது. காலை ஆறே முக்காலுக்குத் தேத்தண்ணியோடு கதவைத் திறந்தால், ஃபீடரின் கம்பியில் ஒரு குருவி தலைகீழாகத் தொங்குகிறது. செட்டை அசையவில்லை. கண் மூடியிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்து, எடுத்துக் கத்தரிப் பாத்தியில் புதைக்கக் கையை நீட்டினேன். வேலிக்கு அப்பால் நின்ற ட்ரினிடாட் அம்மா, "தொடாதே, தொடாதே, நித்திரை" என்று கத்தினா. குளிர் இரவில் உள்ள கொழுப்பை எரித்துத் தீர்க்காமல் இருக்க, இந்தக் குருவி உடம்புச் சூட்டை இறக்கி, நெஞ்சுத் துடிப்பையும் குறைத்து, மரக்கட்டைபோல ஆகிவிடும். இரண்டு பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். அரை மணி நேரம் இருக்கும். முதலில் வால் நடுங்கியது. பிறகு முழு உடம்பும். பிறகு நிமிர்ந்தது. நிமிர்ந்தவுடன் செய்த முதல் வேலை, தலையைத் திருப்பி ஃபீடரில் குடித்ததுதான். நீளமாகக் குடித்தது. வாசகர்கள் யாராவது அப்படி ஒரு குருவியைக் கண்டால் தொடாமல் விடுங்கள். நான் தொடவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆறுதலாக இருக்கிறது.

கழற்றாதீர்கள் என்று சொல்கிறவள், எப்படி வைப்பது என்றும் சொல்ல வேண்டும். முதல் வருடம் நானே பெரிய பிழை விட்டேன். வெள்ளைச் சீனி கூடாது, பனங்கட்டிதான் உடம்புக்கு நல்லது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அந்த நினைப்பில் ஊரிலிருந்து வந்த பனங்கட்டியைக் கரைத்து ஊற்றினேன். மனுசருக்கு நல்லது குருவிக்கு நல்லது இல்லை. பனங்கட்டி, சிவப்புச் சீனி இரண்டிலும் இரும்புச்சத்து இருக்கிறது, அந்தச் சின்ன உடம்புக்கு அது கேடு. தேனும் வேண்டாம். தண்ணீரில் கலந்த தேன் கெதியாகப் புளித்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். சீனி வருத்தக்காரர் பாவிக்கும் இனிப்பு வில்லையில் அதற்குச் சத்தே கிடையாது. வெறும் வெள்ளைச் சீனி ஒரு கோப்பை, தண்ணீர் நாலு கோப்பை. கேத்தில் சுடுதண்ணீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு ஊற்றினால் சரி. மிச்சத்தைப் போத்தலில் பிரிட்ஜுக்குள் ஒரு கிழமை வைக்கலாம். கடையில் விற்கும் சிவப்புச் சாயத் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஃபீடரின் சிவப்பு மூடியே குருவியைக் கூப்பிடப் போதும். பூவில் இருக்கும் தேனுக்கு நிறமா இருக்கிறது?

அப்புறம் கழுவுவது. இதைத்தான் ஆட்கள் விடுகிறார்கள். வெயில் நாட்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, செப்டம்பர்க் குளிர்ச்சியில் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, தண்ணீர் மிச்சம் இருந்தாலும் ஊற்றிவிட்டுச் சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி மாற்ற வேண்டும். கலங்கினால் அன்றைக்கே. துளைகளுக்குள் கறுப்பாகப் படிந்தால் வினாகிரி கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசிவிடுங்கள். ஃபீடரை நிறைய ஊற்றத் தேவையில்லை. நான் கால்வாசிதான் ஊற்றுவேன். கழுவ நேரமில்லாதவர்கள் ஃபீடரைத் தொங்கவிடாமல் பூச்செடி வைப்பதே மேல். ஊத்தைத் தண்ணீர் வைப்பதை விட வைக்காமல் இருப்பது நல்லது. இந்த ஒரு காரணத்துக்காக யாராவது கழற்றினால் நான் குறை சொல்லமாட்டேன்.

செப்டம்பரில் குளவித் தொல்லை வரும். எண்ணெய் பூசாதீர்கள், குருவியின் செட்டையில் ஒட்டிவிடும். தட்டைக் கிண்ணம்போல இருக்கும் ஃபீடரில் தண்ணீர் துளைக்குக் கீழே ஆழத்தில் நிற்பதால் குளவிக்கு எட்டாது, குருவியின் நாக்குக்கு எட்டும். எறும்புக்கு வழி எங்கள் வீடுகளிலேயே இருந்தது. சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைப்போமே, அதே வேலைதான். ஃபீடருக்கு மேலே கொளுவும் ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம் கடையில் விற்கிறது. ரக்கூன் வரும் வீடென்றால் இரவில் உள்ளே எடுத்துவையுங்கள், ஆனால் விடிய முன்னர் வெளியில் வைக்க மறக்க வேண்டாம். இரவெல்லாம் பட்டினி கிடந்த குருவி முதல் வெளிச்சத்தில் வந்து பார்க்கும்.

கண்ணாடி இன்னொரு ஆபத்து. ஃபீடரை யன்னலிலிருந்து ஒரு மீற்றருக்குள் தொங்கவிட்டால், பயந்து கிளம்பும் குருவி வேகம் எடுக்க முன்னரே கண்ணாடியைத் தொடும், அடி பலமாக இராது. இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வைப்பதுதான் கொல்லும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளிகள் ஒட்டுவது எல்லாப் பறவைகளுக்கும் நல்லது. ரொறன்ரோவில் 1993 முதல் கண்ணாடியில் மோதும் பறவைகளுக்காக வேலை செய்யும் ஃபிளாப் அமைப்பு இதைத்தான் சொல்லிவருகிறது. என் மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணியில் நின்று ஒட்டித் தந்தார்.

சீனித்தண்ணீர் மட்டும் அவற்றின் சாப்பாடு இல்லை என்பதையும் உங்கள் தோட்டப் பக்கம் எழுத வேண்டும். கொசு, சின்னச் சிலந்தி, இலைப்பேன் எல்லாம் பிடித்துத் தின்னும், தசைக்கு அதுதான் சத்து. ஆகவே மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். என் வளவில் அவை அதிகம் தேடுவது சிவப்புப் பூப் பூக்கும் கொடிப் போஞ்சியையும் கல்வாழையையும் சாடியில் நிற்கும் செவ்வரத்தையையும். அதனால் செவ்வரத்தையைக் கடைசியாகத்தான் உள்ளே எடுப்பேன். ரூஜ் பள்ளத்தாக்கின் ஈரமான இடங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு செம்மஞ்சள் பூச்செடி இடுப்பளவுக்கு வளர்ந்து நிற்கும். எங்கள் காசித்தும்பையின் சொந்தக்காரி. காயைத் தொட்டால் அதுவும் அதேபோல வெடித்து விதை தெறிக்கும். குருவிகள் புறப்படும் நேரத்தில்தான் அது பூக்கிறது, அந்தப் பூவின் வளைந்த வால்பகுதிக்குள் தேன். நடைக்குப் போகிறவர்கள் பதினைந்து நிமிடம் அதற்கு முன்னால் அசையாமல் நின்று பாருங்கள்.

ஒரு பெயர் விஷயமும் உண்டு. நீங்கள் எழுதிய 'தேன்சிட்டு' ஊரில் எங்கள் முற்றத்தில் செவ்வரத்தைக் கொப்பில் இருந்தபடி பூவின் அடியைக் குத்தித் தேன் குடிக்கும் குருவி. அது வேறு குடும்பம். இங்கே வருவது அந்தரத்தில் நின்று குடிப்பது. அமெரிக்கக் கண்டங்களை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு நெருங்கிய சொந்தம் உழவாரக் குருவிதான், தேன்சிட்டு இல்லை. தமிழில் ஓசனிச்சிட்டு என்று எழுதுகிறார்கள். சிலர் ரீங்காரச்சிட்டு என்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு குருவியையும் இரண்டு பெயரில் சொல்லிக்கொடுத்தால்தான் ஊர்க் குருவியும் மறக்காது, இந்த மண்ணின் குருவியும் விளங்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். கடைசிக் குருவியைக் கண்ட நாளிலிருந்து இரண்டு கிழமை ஃபீடர் இருக்கட்டும். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி தெரிவித்தல் நாளுக்கு வான்கோழி வாங்கும் வரை என்று போட்டால் எல்லாருக்கும் ஞாபகம் நிற்கும். அதற்குப் பிறகும், அக்டோபர் கடைசியில், நவம்பரில் ஒன்று வந்தால், அது மேற்கேயிருந்து வழிதவறி வந்த செம்பழுப்புநிற வகையாக இருக்கலாம். அப்போதும் கழற்ற வேண்டாம்.

ட்ரினிடாட் அம்மா சென்ற வருடம் மகளோடு பிராம்ப்டனுக்குப் போய்விட்டா. போகும்போது தன்னுடைய இரண்டு ஃபீடர்களையும் என்னிடம் தந்துவிட்டுப் போனா. ஒன்றைச் சிநேகிதிக்குக் கொடுத்தேன். மற்றது கழுவிய படியே இருக்கிறது. ஸ்காபரோப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் பத்திரிகைக்கு எழுதட்டும், கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இன்று செப்டம்பர் 12. காலையில் இரண்டு வந்தன. ஒன்று மற்றதைத் துரத்திப் பாகல் பந்தலைச் சுற்றிக் கலைத்துவிட்டுத் தானே வந்து குடித்தது. தொண்டையில் ஒரு சிவப்புச் செதில் இருந்தது.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ